கேட்டது யார் என்று சொல்லுங்கள்

சர்வர்களை வாடகைக்கு விடும், டொமைன் பெயர்களைப் பதிவு செய்யும், அட்டைகள் வழியாக வரும் பணத்தைக் கைமாற்றிக் கொடுக்கும் நிறுவனங்களின் சட்டப் பிரிவிலும் கொள்கைப் பிரிவிலும் பணிபுரியும் தமிழ் நண்பர்களுக்கு,

ஃபேஸ்புக்கோ யூடியூபோ ஒரு பதிவை நீக்கினால் ஊருக்கே தெரிந்துவிடும். கோபப்படுகிறவர்கள் கோபப்படுவார்கள், ஆதரிப்பவர்கள் ஆதரிப்பார்கள். உங்கள் மேசையில் நடப்பது அப்படி வெளியே தெரிவதில்லை. ஒரு வாடிக்கையாளரைப் பற்றிய கோப்பு வருகிறது. பயன்பாட்டு நிபந்தனைகளிலிருந்து ஒரு பிரிவின் எண் எடுத்துக் காட்டப்படுகிறது. கணக்கு மூடப்படுகிறது. மறுநாள் காலையில் ஒரு தளம் மொத்தமாக இல்லாமல் போயிருக்கும், அல்லது அதை நடத்துகிறவர்களுக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் இருக்காது.

அந்தக் கணக்கை மூடும் உரிமை உங்கள் நிறுவனத்துக்கு இல்லை என்று சொல்வதற்காக இந்த மடல் எழுதப்படவில்லை. தனியார் நிறுவனத்துக்கு அந்த உரிமை உண்டு, இருக்கவும் வேண்டும். ஆனால் அந்த உரிமையை இரவல் வாங்கிக்கொள்ளும் இன்னொருவர் இருக்கிறார். அவரைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

2010-ம் ஆண்டு நவம்பர் 28 அன்று விக்கிலீக்ஸ் அமெரிக்கத் தூதரகங்களின் தந்திகளை வெளியிடத் தொடங்கியது. மொத்தம் இரண்டரை லட்சத்துக்கும் மேல். கார்டியன், நியூயார்க் டைம்ஸ், டெர் ஷ்பீகல், லெ மோந்த், எல் பயிஸ் ஆகிய ஐந்து பத்திரிகைகளும் அதே தந்திகளை வைத்துச் செய்தி வெளியிட்டன. தளத்தின்மீது இணையத் தாக்குதல் நடந்துகொண்டிருந்ததால் விக்கிலீக்ஸ் அமேசானின் சர்வர்களுக்குக் குடிபெயர்ந்தது. அமெரிக்க செனட்டில் உள்நாட்டுப் பாதுகாப்புக் குழுவின் தலைவராக இருந்த ஜோ லீபர்மனின் அலுவலகம் அமேசானைத் தொடர்புகொண்டு விளக்கம் கேட்டது. டிசம்பர் 1 அன்று அமேசான் விக்கிலீக்ஸை வெளியேற்றியது. அரசுத் தரப்பிலிருந்து வந்த விசாரிப்பு இதற்குக் காரணமல்ல, நிபந்தனைகளை மீறியதே காரணம் என்று அமேசான் அறிவித்தது. வேறு எந்த நிறுவனம் விக்கிலீக்ஸுக்கு இடம் கொடுத்திருந்தாலும் உடனே வெளியேற்ற வேண்டும் என்று லீபர்மன் பகிரங்கமாக அழைப்பு விடுத்தார்.

அதன்பின் நடந்தவை மளமளவென்று நடந்தன. மறுநாளே எவ்ரிடிஎன்எஸ் நிறுவனம் தளத்தின் பெயர்ச் சேவையை நிறுத்தியது. தாக்குதல் தொடர்ந்தால் தன்னை நம்பியிருக்கும் ஏறத்தாழ ஐந்து லட்சம் பிற தளங்கள் பாதிக்கப்படும் என்பது அதன் விளக்கம். விக்கிலீக்ஸ் சுவிட்சர்லாந்தின் டொமைன் ஒன்றுக்கு ஓடியது. அடுத்ததாக பேபால் நன்கொடைக் கணக்கை முடக்கியது. டிசம்பர் 6-ல் மாஸ்டர்கார்டு, 7-ல் விசா, 18-ல் பேங்க் ஆஃப் அமெரிக்கா. பேபால் அதிகாரி ஒருவர் பாரிஸில் நடந்த மாநாட்டு மேடையில், அமெரிக்க வெளியுறவுத் துறை எழுதிய கடிதத்தைக் காரணமாகச் சொன்னார். அந்தக் கடிதம் பேபாலுக்கு வந்ததே அல்ல. விக்கிலீக்ஸுக்கு எழுதப்பட்ட கடிதம் அது.

இந்த வரிசையில் ஒரே ஒரு நிறுவனம் வெளிப்படையாகப் பேசியது. தந்திகள் எந்த ஆண்டில், எந்தத் தூதரகத்திலிருந்து எத்தனை வந்தன என்று காட்டும் வரைபடங்களை டேப்லோ நிறுவனத்தின் இலவசச் சேவையில் ஒருவர் போட்டிருந்தார். அவற்றில் தந்தியின் வாசகம் ஒரு வரிகூட இல்லை. அவற்றையும் டேப்லோ நீக்கியது. செய்தது தவறு. ஆனால் லீபர்மன் விடுத்த அழைப்பை ஒட்டியே நீக்கினோம் என்று அது எழுத்தில் சொன்னது. அந்த ஒரு வாக்கியத்தால்தான் அரசியல்வாதியின் சொல்லுக்கும் ஒரு பக்கம் மறைந்ததற்கும் இடையிலிருந்த தொடர்பு எல்லோருக்கும் தெரியவந்தது.

அந்த டிசம்பரில் விக்கிலீக்ஸ்மீது அமெரிக்காவில் குற்றப்பத்திரிகை எதுவும் பகிரங்கமாக இல்லை. தளத்தை மூடச் சொல்லி எந்த நீதிமன்றமும் ஆணையிடவில்லை. விக்கிலீக்ஸ் நிறுவனர் ஜூலியன் அசாஞ்ச்மீதான அமெரிக்க வழக்கு அதிகாரபூர்வமாக வெளிச்சத்துக்கு வந்ததே 2019-ல்தான். அதே தந்திகளை அச்சிட்ட நியூயார்க் டைம்ஸுக்குச் சந்தா கட்டுவதை விசாவோ மாஸ்டர்கார்டோ தடுக்கவில்லை. ஒரே ஆவணம், இரண்டு வெளியீட்டாளர்கள். ஒருவருக்கு மட்டும் எல்லாக் கதவும் சாத்தப்பட்டது.

தமிழர்களுக்கு இது தூரத்துக் கதை அல்ல. கொழும்பிலிருந்த அமெரிக்கத் தூதர் பட்ரீஷியா புட்டெனிஸ் 2010 ஜனவரியில் அனுப்பிய தந்தி அந்தக் குவியலில் இருந்தது. போர்க்குற்றப் புகார்கள் பலவற்றுக்குப் பொறுப்பு நாட்டின் உயர்மட்ட அரசியல், ராணுவத் தலைமையிடம் இருக்கிறது. அதில் அதிபர் ராஜபக்சவும் ஜெனரல் பொன்சேகாவும் அடக்கம். அதனால் உண்மையான விசாரணை நடப்பது கடினம் என்று தூதர் தன் அரசுக்கு எழுதியிருந்தார். முள்ளிவாய்க்காலில் உறவுகளை இழந்தவர்கள் சொல்லிவந்ததை ஒரு வல்லரசின் தூதர் அலுவல் ரீதியாக ஒப்புக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் வெளிவந்தது. விக்கிலீக்ஸ் சர்வர் தேடி அலைந்துகொண்டிருந்த அதே நாட்களில் கார்டியன் அதை வெளியிட்டது.

அடுத்த ஆண்டு மார்ச்சில் தி ஹிந்து நாளிதழ் இந்தியா தொடர்பான தந்திகளை வரிசையாக வெளியிட்டது. திருமங்கலம் இடைத்தேர்தலில் காலை நாளிதழுக்குள் வைத்த கவரில் வாக்காளர்களுக்குப் பணம் போய்ச் சேர்ந்த விதத்தைச் சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகம் விவரித்து எழுதியிருந்த தந்தியும் அதில் ஒன்று. தமிழகச் சட்டமன்றத் தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்த நேரம் அது. இந்த ஆவணங்களைக் கைக்குக் கொண்டுவந்த அமைப்பு அந்தச் சமயத்தில் நன்கொடை வாங்க வழியில்லாமல் திணறிக்கொண்டிருந்தது. 2011 அக்டோபரில், வருமானத்தில் 95 சதவீதம் போய்விட்டது என்று அறிவித்து விக்கிலீக்ஸ் வெளியீட்டையே சிறிது காலம் நிறுத்திவைத்தது.

இதில் சட்டம் எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். 1791-ல் நிறைவேறிய அமெரிக்க அரசமைப்பின் முதல் திருத்தம் அரசைத்தான் கட்டுப்படுத்துகிறது. அமேசானும் விசாவும் அரசு அல்ல. எனவே அமேசானிடம் போய் முதல் திருத்தத்தைக் காட்ட முடியாது. லீபர்மனிடம் காட்டலாம். ஆனால் அவர் எந்த ஆணையும் பிறப்பிக்கவில்லை, விளக்கம் கேட்டார், அவ்வளவுதான். ஒருபக்கம் ஆணையிடாத அரசு, மறுபக்கம் அரசமைப்புக்கு உட்படாத நிறுவனம். இரண்டுக்கும் நடுவே அந்தத் தளம் காணாமல் போனது.

தெருமுனைக் கடைக்காரர் எந்த வார இதழைத் தொங்கவிடுவது, எதைக் கொக்கியிலிருந்து எடுத்துவிடுவது என்பது அவருடைய விருப்பம். அந்தத் தெருவே ஒருவருக்குச் சொந்தமாக இருந்தால் என்ன செய்வது? இது கற்பனைக் கேள்வி அல்ல. அலபாமா மாநிலத்தில் மொபீல் நகரை ஒட்டிய சிக்கசா என்ற ஊர் முழுவதும் கப்பல் கட்டும் கம்பெனி ஒன்றுக்குச் சொந்தமாக இருந்தது. நடைபாதையும் கம்பெனியுடையது, கடைவீதியும் கம்பெனியுடையது. அங்கே நின்று மதப் பிரசுரங்களை விநியோகித்த பெண் ஒருவர் அத்துமீறி நுழைந்ததாகத் தண்டிக்கப்பட்டார். 1946-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. சொத்து தனியாருடையதாக இருந்தாலும், ஊராக இயங்கும் இடத்தில் பேச்சுரிமையைப் பறிக்க முடியாது என்று நீதிபதி ஹியூகோ பிளாக் எழுதினார்.

அந்தத் தீர்ப்பை இணையத்துக்கு நீட்டிக்கலாம் என்று பலர் நம்பினார்கள். நீதிமன்றங்கள் அந்தப் பக்கம் போகவில்லை. 1970-களிலேயே வணிக வளாகங்களுக்கு அது பொருந்தாது என்றாகிவிட்டது. 2024 ஜூலையில் மூடி எதிர் நெட்சாய்ஸ் வழக்கில், எந்தப் பதிவை முன்னே காட்டுவது, எதை நீக்குவது என்று சமூக ஊடகம் தெரிவு செய்வதும் ஒருவகைப் பேச்சுதான், அதற்கும் பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை சொன்னது. நியாயமான முடிவு. செய்தி ஓடையைத் தொகுப்பவருக்குப் பத்திரிகை ஆசிரியருக்குள்ள சுதந்திரம் வேண்டும்.

ஆனால் அந்தத் தீர்ப்பு ஜிமெயில் போன்ற மின்னஞ்சல் சேவைக்கும் வென்மோ போன்ற பணப் பரிமாற்றச் சேவைக்கும் என்ன விதி என்பதைத் தீர்மானிக்கவில்லை. கீழ் நீதிமன்றங்கள் அதை ஆராயவே இல்லை என்று சுட்டிக்காட்டி வழக்கைத் திருப்பி அனுப்பியது. நண்பர்களே, நீங்கள் வேலை செய்யும் இடம் அந்த ஆராயப்படாத பகுதியில்தான் இருக்கிறது. ஒரு கட்டுரையைப் படிப்பவர் அது எந்த சர்வரில் இருக்கிறது என்று பார்ப்பதில்லை. நன்கொடை ரசீதைப் பார்த்து, இந்தக் கருத்து விசாவினுடையது என்று யாரும் எண்ணுவதில்லை. உங்கள் நிறுவனம் பேசவில்லை. இன்னொருவர் பேசுவதற்கு வழி கொடுக்கிறது. பேசுகிற நிறுவனத்தின் சுதந்திரத்தை அப்படியே எடுத்து வழி கொடுக்கிற நிறுவனத்துக்கும் பொருத்திக்கொள்வதை ஏற்க முடியவில்லை.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடிய வலுவான வாதம் ஒன்று உண்டு. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. 2017 ஆகஸ்டில் சார்லட்ஸ்வில் நகரில் வெள்ளை இனவெறியர்கள் பேரணி நடத்தினார்கள். எதிர்த்து நின்றவர்கள்மீது கார் ஏற்றப்பட்டு ஒரு பெண் இறந்தார். டெய்லி ஸ்டார்மர் என்ற நாஜி ஆதரவுத் தளம் இறந்தவரையே இழிவுபடுத்தி எழுதியது. கோடாடி அந்தத் தளத்தின் டொமைனை விலக்கியது, பிறகு கூகுளும் விலக்கியது. ஆகஸ்ட் 16 அன்று, தாக்குதல்களிலிருந்து தளத்தைப் பாதுகாத்துவந்த கிளவுட்ஃப்ளேரும் விலகியது. அதன் தலைவர் மேத்யூ பிரின்ஸ் ஊழியர்களுக்கு எழுதிய மடலில், காலையில் மோசமான மனநிலையில் எழுந்து தானே எடுத்த முடிவு இது என்றும், இந்த அதிகாரம் யாரிடமும் இருக்கக் கூடாது என்றும் ஒளிக்காமல் சொன்னார். 2019-ல் கிறைஸ்ட்சர்ச், போவே, எல் பாஸோ என மூன்று படுகொலைகளின் அறிக்கைகளும் எட்சான் தளத்தில் பதிவேறியிருந்தன. அதையும் கிளவுட்ஃப்ளேர் கைவிட்டது.

ஒரு நாஜித் தளத்துக்கு வேலை செய்ய மாட்டேன் என்று ஒரு பொறியாளர் சொன்னால் அவருடைய கையைப் பிடித்து இழுத்து யாரும் வேலை வாங்க முடியாது, வாங்கவும் கூடாது. அந்த மனசாட்சிக்கு இடம் இல்லாத விதி எதுவும் நல்ல விதி அல்ல.

ஆயினும் பின்னால் நடந்ததையும் கவனியுங்கள். 2022 ஆகஸ்ட் இறுதியில் கிளவுட்ஃப்ளேர் ஒரு விளக்கம் வெளியிட்டது. அந்த இரண்டு தளங்களையும் கைவிட்ட பிறகு, மனித உரிமை அமைப்புகளின் தளங்களையும் கைவிடச் சொல்லி எதேச்சாதிகார அரசுகளிடமிருந்து வரும் கோரிக்கைகள் வெகுவாக அதிகரித்தன. பலவற்றில் கிளவுட்ஃப்ளேர் முன்பு சொன்ன காரணங்களையே எடுத்துக் காட்டினார்கள் என்றது அந்த விளக்கம். அடுத்த சில நாட்களில், செப்டம்பர் 3 அன்று, தனிமனிதர்களை வேட்டையாடிவந்த கிவி ஃபார்ம்ஸ் தளத்தை அதே நிறுவனம் தடுத்தது. உயிருக்கு உடனடி ஆபத்து என்பது அது சொன்ன காரணம். இந்த இரண்டு செய்திகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடுவது எளிது. இரண்டும் உண்மை. உயிர் போகும் நிலையில் மறுக்கத்தான் வேண்டியிருக்கும். மறுத்த ஒவ்வொரு முறையும் அந்த முன்மாதிரியை எடுத்துக்கொண்டு ஓர் அரசாங்கம் வரத்தான் செய்யும்.

அப்படி வரும் அரசாங்கத்தை அமெரிக்க நீதிமன்றங்கள் ஓரளவு அடையாளம் கண்டிருக்கின்றன. ரோட் ஐலண்ட் மாநிலத்தில் இளைஞர் ஒழுக்கத்தைக் காக்க என்று ஒரு ஆணையம் இருந்தது. ஆட்சேபத்துக்குரிய புத்தகங்களின் பட்டியலை அது விநியோகஸ்தர்களுக்கு அனுப்பும். பின்னாலேயே போலீஸ்காரர் ஒருவர் கடைக்கு வந்து விசாரிப்பார். விநியோகஸ்தர்கள் புத்தகங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நாங்கள் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, அவர்களாகவே நிறுத்தினார்கள் என்றது மாநில அரசு. 1963-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அது தணிக்கைதான் என்றது. 2015-ல் சிகாகோ பகுதி ஷெரிஃப் டாம் டார்ட், பாலியல் சேவை விளம்பரங்களை ஏற்றுவந்த பேக்பேஜ் தளத்துக்குச் சேவையை நிறுத்தும்படி விசாவுக்கும் மாஸ்டர்கார்டுக்கும் கடிதம் எழுதினார். இரண்டும் உடனே நிறுத்தின. மேல்முறையீட்டில் நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர், அரசு அதிகாரி மூன்றாமவரை மிரட்டி ஒருவரின் பேச்சை நசுக்க முடியாது என்று ஷெரிஃபுக்குத் தடை விதித்தார். அதே பேக்பேஜ் 2018-ல் கைப்பற்றப்பட்டது, ஆனால் அப்போது குற்றச்சாட்டும் வழக்கும் இருந்தன. 2024 மே மாதம், தேசியத் துப்பாக்கிச் சங்கத்துடன் தொழில் செய்ய வேண்டாம் என்று காப்பீட்டு நிறுவனங்களை நியூயார்க் அதிகாரி நெருக்கியதாகத் தொடரப்பட்ட வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்தச் சங்கத்தின் பக்கம் நின்றார்கள்.

டார்ட்டுக்கு எதிரான வழக்கு வென்றதற்குக் காரணம் அவர் கையெழுத்திட்ட கடிதம். அது கையில் கிடைத்தது. அப்படி எதுவும் கிடைக்காதபோது என்ன ஆகும் என்பதற்கு 2024 ஜூனில் முடிந்த மர்த்தி எதிர் மிசூரி வழக்கு சான்று. கொரோனா காலத்தில் தங்கள் பதிவுகளை நீக்கும்படி அமெரிக்க அரசு சமூக ஊடகங்களை நெருக்கியது என்று வழக்குத் தொடுத்தவர்களுக்கு, வழக்குத் தொடுக்கும் தகுதியே இல்லை என்று ஆறு நீதிபதிகள் சொன்னார்கள். நீக்கியது அரசின் நெருக்குதலாலா, நிறுவனத்தின் சொந்த முடிவாலா என்பதைக் காட்ட முடியவில்லை என்பது முக்கியக் காரணம். காட்டுவதற்கான ஆதாரம் பாதிக்கப்பட்டவரின் கையில் எப்போதும் இருப்பதில்லை. அது உங்கள் கோப்புகளில் இருக்கிறது.

ஐஸ்லாந்தில் வேறு ஒரு வழி திறந்தது. விக்கிலீக்ஸுக்காக நன்கொடை திரட்டிய டேட்டாசெல் என்ற நிறுவனம், தன் பணப்பாதையை அடைத்த வாலிட்டர் நிறுவனத்தின்மீது வழக்குப் போட்டது. வாதத்தின் மையத்தில் கருத்துச் சுதந்திரம் இல்லை, ஒப்பந்தம்தான் இருந்தது. 2013 ஏப்ரலில் ஐஸ்லாந்து உச்ச நீதிமன்றம், ஒப்பந்தத்தை மீறி மூடினீர்கள், 15 நாட்களுக்குள் திறக்காவிட்டால் நாளொன்றுக்கு 8 லட்சம் குரோனா அபராதம் என்று தீர்ப்பளித்தது. பேச்சுரிமைச் சட்டத்தால் எட்ட முடியாத இடத்தை ஓர் எளிய ஒப்பந்த வழக்கு எட்டியது. ஒப்பந்தத்தை வரையும் உங்களுக்கு இதன் பொருள் நன்றாகவே புரியும். எந்தக் காரணத்துக்காகவும், முன்னறிவிப்பு இல்லாமலும் சேவையை நிறுத்தலாம் என்று நிபந்தனையில் ஒரு வரி இருந்திருந்தால் இந்தத் தீர்ப்பு வந்திருக்குமா? அந்த வரியை எழுதுகிறவர்களும் நீங்கள்தான்.

இந்தியாவுக்கு வருவோம். 2025 பிப்ரவரி 15 அன்று விகடன் இணையதளம் பலருக்குத் திறக்கவில்லை. பிரதமர் மோடி கைவிலங்குடன் டிரம்ப் அருகே அமர்ந்திருப்பதாக ஒரு கேலிச்சித்திரம் வந்திருந்தது. மக்களின் திரையில் தளத்தை மறைத்தவை இணையச் சேவை நிறுவனங்கள். ஆனால் அதன் பின்னால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இருந்தது, மத்திய அமைச்சகம் இருந்தது. அதனால் விகடன் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போக முடிந்தது. கேலிச்சித்திரத்தைத் தற்காலிகமாக நீக்கினால் தளத்தைத் திறக்க வேண்டும் என்று மார்ச் 6 அன்று நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தத் தீர்வு முழுமையானதல்ல. படத்தை நீக்கித்தான் தளத்தைத் திறக்க முடிந்தது. ஆனாலும் கேட்பதற்கு ஒரு வாசல் இருந்தது. 2010-ல் அமேசானிடமிருந்து வெளியேற்றப்பட்டவர்களுக்கு, அரசின்மீது வழக்குப் போட ஓர் ஆணைகூடக் கையில் இல்லை.

நம் சட்டத்திலும் தனியார் நிறுவனத்துக்கு எதிராகப் பேச்சுரிமை கேட்பது இதுவரை கடினமாகவே இருந்துவந்திருக்கிறது. 2023 ஜனவரியில் கௌசல் கிஷோர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வின் பெரும்பான்மை, அரசமைப்பின் 19, 21-ம் பிரிவுகளின் உரிமைகளை அரசு அல்லாதவர்களுக்கு எதிராகவும் வலியுறுத்தலாம் என்றது. நீதிபதி நாகரத்னா அதில் உடன்படவில்லை. இணைய நிறுவனங்களுக்கு அது எந்த அளவு பொருந்தும் என்பது இனி வரும் வழக்குகளின் வேலை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் வந்த 2021-ம் ஆண்டு விதிகள், பெரிய சமூக ஊடகங்கள் தாமாக ஒரு பதிவை நீக்கும்போது பயனருக்குக் காரணம் சொல்ல வேண்டும், மறுப்புக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்கின்றன. 50 லட்சம் பயனர்களுக்கு மேல் உள்ள சமூக ஊடகங்களுக்கான விதி அது. சர்வர் வாடகைக்கு விடுபவரையோ டொமைன் பதிவாளரையோ அது தொடவில்லை. அந்த விதிப்படி ஒரு பதிவை இழந்தவருக்கு முறையீட்டு வழி இருக்கிறது. தளத்தையே இழந்தவருக்கு இல்லை. இந்த நிலை தலைகீழாக இருக்க வேண்டும்.

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத சில காரியங்கள் உங்கள் கையில் இருக்கின்றன. கணக்கை மூடும்போது எந்தச் செயல் எந்த விதியை மீறியது என்று பெயர் சொல்லி எழுதலாம். உயிருக்கு ஆபத்து இல்லாத வழக்குகளில், தரவை எடுத்துக்கொண்டு வேறிடம் போகச் சில நாட்கள் தரலாம். டொமைனைப் பிடித்துவைக்காமல் மாற்றிக்கொள்ள விடலாம். கணக்கில் கிடக்கும் பணம் வாடிக்கையாளருடையது. அதைத் திருப்பித் தரலாம். இவையெல்லாம் மறுக்கும் உரிமையை ஒரு நூலளவும் குறைக்காது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, மூடச் சொல்லிக் கேட்டது யார் என்பது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ் வரும் தடை ஆணைகளை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2009 விதிகளில் 16-ம் விதி சொல்கிறது. அந்த விதியே மாற வேண்டியது. அது இருக்கும்வரை உங்கள் வாய் கட்டப்பட்டிருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ஓர் அதிகாரியின் தொலைபேசி அழைப்பு 69ஏ ஆணை அல்ல. அமைச்சர் அலுவலகத்திலிருந்து வரும் நட்பான மின்னஞ்சல் ஆணை அல்ல. செனட்டர் லீபர்மனின் அலுவலகம் கேட்ட விளக்கமும் ஆணை அல்ல. ஆணையாக வராததை ஆணையைப் போல ரகசியமாக வைக்க எந்தச் சட்டமும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பெர்க்மன் கிளைன் மையத்தோடு இணைந்து இயங்கிவரும் லூமென் என்ற பொதுத் தரவுத்தளம் இருக்கிறது. நீக்கச் சொல்லி வரும் கோரிக்கைகளின் நகல்களை அது சேகரித்து ஆய்வாளர்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்துவைக்கிறது. கூகுள் அனுப்புகிறது. ட்விட்டர் அனுப்பிக்கொண்டிருந்தது, 2023 ஏப்ரலில் நிறுத்திவிட்டது. சர்வர், டொமைன், பணப் பரிமாற்ற நிறுவனங்கள் அந்த இடத்தை நிரப்பலாம். அடுத்த முறை யாரோ ஒருவரின் கணக்கைப் பற்றி அதிகாரத்தில் இருப்பவர் அழைக்கும்போது, அழைத்தவரின் பெயர், பதவி, தேதி, கேட்டது என்ன என்பதைக் கோப்பில் எழுதுங்கள். ஒரு நகலை அந்த வாடிக்கையாளருக்கும் ஒன்றை லூமெனுக்கும் அனுப்புங்கள். அதற்குப் பிறகும் கணக்கை மூடுவதுதான் சரி என்று உங்கள் நிறுவனம் முடிவெடுத்தால், மூடுங்கள்.